கணினியும் காவலும்



வீட்டைக் கட்டுபவர் கொத்தனார். அதில் வாழ்பவர் நாம். எந்தச் சுவர் ஒழுகுகிறது, எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பது வாழ்பவருக்கே முதலில் தெரியும். கணினியும் அத்தகையதே. அதனைப் படைக்கும் வல்லுநர் கூற வேண்டியவை பல உண்டு. நாள்தோறும் அதனைப் பயன்படுத்தும் எளிய மனிதன் கூற வேண்டியவையும் சில உண்டு. நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். ஆசிரியப் பயிற்சி பெற்று, வகுப்பறையில் பல்லாண்டு பாடம் நடத்தி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். கால அட்டவணை, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், அலுவலகக் கடிதம் என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கணினியோடு பழகியவன். அப்பழக்கத்தில் எனக்குத் தோன்றிய கருத்துகளை இன்று உங்கள் முன் வைக்கிறேன். இயங்குதளம், மென்பொருள், பாதுகாப்பு என்னும் மூன்றும் என் பேச்சின் பொருள்கள்.

இயங்குதளம் என்பது யாது? சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். ஐந்து வகுப்புகளும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும், ஆசிரியர் ஒருவரே. முதல் வகுப்புக்கு எழுத்துகளை எழுதப் பணித்துவிட்டு, இரண்டாம் வகுப்புக்கு வாய்பாடு சொல்லிக் கொடுப்பார். மூன்றாம் வகுப்பின் கணக்கைத் திருத்துவார். சிறிது நேரத்தில் மீண்டும் முதல் வகுப்புக்கே வருவார். கணினியின் செயலி அந்த ஆசிரியரைப் போன்றது. நாம் கடிதம் எழுதுகிறோம், பாட்டுக் கேட்கிறோம், இணையத்தில் செய்தி படிக்கிறோம். இவையெல்லாம் ஒரே வேளையில் நடப்பனபோல் தோன்றுகின்றன. உண்மையில், ஒரு நொடியைப் பல நூறு கூறுகளாக்கி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூற்றை ஒதுக்கும் கால அட்டவணை ஒன்று உள்ளே ஓயாமல் இயங்குகிறது. இக்காலச் செயலிகளில் நான்கு, எட்டு என உள்ளகங்கள் உண்டு. அதாவது ஆசிரியர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆயினும் வகுப்புகளோ நூற்றுக்கணக்கில் உள்ளன.

அந்த அட்டவணையை வகுப்பது இயங்குதளம். ஒரு வகுப்பின் இடத்தில் மற்றொரு வகுப்பு புகாமல் தடுப்பதும், எந்த அறையின் சாவி யார் கையில் இருக்கலாம் என்று வரையறுப்பதும் அதன் பணிகளே. ஆகவே அதனைக் கணினியின் தலைமையாசிரியர் என்று நான் கூறினால், என் தொழிற்பற்று என்று நகைக்கமாட்டீர்கள் என நம்புகிறேன். தலைமையாசிரியர் நன்றாக வேலை செய்யும் பள்ளியில் அவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. இயங்குதளத்தின் இயல்பும் அதுவே.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ், பின்வந்த பலவற்றுக்கும் மூதாதை. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி, மைக்ரோசாப்ட் வழங்கிய டாஸோடு வந்தது. 1984-இல் ஆப்பிளின் மேகிண்டோஷும், 1985-இல் மைக்ரோசாப்ட்டின் விண்டோஸும் வெளிவந்தன. இவற்றுக்கு இடையே 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேறொரு வழியைக் காட்டினார். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் உள்ளமைப்பைப் பயிலவும், பிறருக்கு வழங்கவும், திருத்தவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையில் க்னூ என்னும் திட்டத்தை அவர் தொடங்கினார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளம் எழுதுவதாகவும் அது வெறும் பொழுதுபோக்கே என்றும் அறிவித்தார். அதுவே லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டுத் தொலைபேசிகளின் உட்கருவாக இருப்பது அது. 2017 நவம்பரில், உலகின் மிக விரைவான ஐந்நூறு கணினிகளின் பட்டியல் முழுவதும் லினக்ஸ் வயமாயிற்று. மாணவ நண்பர்களே, ஒரு மாணவரின் பொழுதுபோக்கு இத்துணை உயர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இம்மூன்றனுள் எது சிறந்தது? இக்கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டதுண்டு. இளைஞர் சிலர் இதன்பொருட்டுக் கட்சி கட்டிக்கொண்டு வழக்காடுவதையும் கண்டிருக்கிறேன். என் கருத்து இது. விண்டோஸில் எந்த அச்சுப்பொறியை இணைத்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். அலுவலகங்களிலும் கடைகளிலும் வழங்கும் மென்பொருள்கள் பல அதற்கெனவே எழுதப்பட்டவை. மேகிண்டோஷில் பொறியும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் ஆக்கம், ஆதலால் பொருத்தம் மிகுதி, விலையும் மிகுதி. லினக்ஸின் பெரும்பாலான பதிப்புகளுக்கு விலை இல்லை. அதன் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. ஆயினும் சில கருவிகளை அதனோடு இணைக்கச் சற்று முயற்சி வேண்டும்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஆறு பழைய கணினிகள் மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. புதிய விண்டோஸைத் தாங்கும் நினைவகம் அவற்றில் இல்லை. கணினி ஆசிரியர் எளிய லினக்ஸ் பதிப்பொன்றை அவற்றில் நிறுவினார். அடுத்த வாரமே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றில் தமிழ்த் தட்டச்சுப் பழகத் தொடங்கினர். பெற்றோர் ஒருவர் வந்து, “ஐயா, வெளியில் எல்லா இடத்திலும் விண்டோஸ்தானே இருக்கிறது? என் மகன் இதைக் கற்று என்ன பயன்?” என்று கேட்டார். “விறகடுப்பில் சமைக்கக் கற்றவர் எரிவாயு அடுப்பைக் கண்டால் சமையலை மறந்துவிடுவாரா?” என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். ஆயினும் அவர் கேள்வியிலும் உண்மை உண்டு. கணக்கர் வேலைக்குச் செல்லும் பிள்ளை, அங்கு வழங்கும் மென்பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்றை ஊன்றிக் கற்று, மற்றொன்றையும் அறிந்து வைப்பதே அறிவுடைமை. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே நடைபெற்று வருகிறது. திறந்த மென்பொருள்கள் பலவற்றின் திரைச்சொற்களைத் தன்னார்வலர் தமிழில் ஆக்கித் தந்திருக்கின்றனர். மூலநிரல் திறந்திருந்ததால் அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனிப் பாதுகாப்புக்கு வருவோம். “லினக்ஸில் நச்சுநிரல் வராது, ஆகவே கவலையில்லை” என்று சிலர் கூறுவர். “விலை கொடுத்து வாங்கியது விண்டோஸ்; அதைக் காப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு” என்று வேறு சிலர் கூறுவர். இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடு அன்று. காரணங்களை மூன்று நிகழ்ச்சிகளால் விளக்குவேன்.

2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. புகுந்த கணினியின் கோப்புகளையெல்லாம் அது பூட்டிவிட்டு, மீட்புப் பணமாக முந்நூறு டாலர் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சைத் தேதிகள் தள்ளிவைக்கப்பட்டன. அந்தத் தீநிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் இரண்டு மாதம் இருந்தது! அம்மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்ட கணினிகளுள் பெரும்பாலானவை, அன்று திருத்தம் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ் 7 பொறிகளே. திருத்தம் வந்தது, அதனை நிறுவுவார் இல்லை. கூரையில் ஓடு உடைந்திருக்கிறது என்று கொத்தனார் சொல்லி, புது ஓட்டையும் வாசலில் வைத்துச் சென்றார். வீட்டார் மழை வரும்வரை அதனை எடுத்து மாட்டவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி லினக்ஸ் உலகைச் சேர்ந்தது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் சிறு மென்பொருள் ஒன்று உண்டு. அதனைப் பேணிவந்தவர் ஊதியமின்றி உழைத்த ஒருவர். அவருக்கு உதவுவதாகக் கூறி வந்த மற்றொருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல வேலையே செய்து நம்பிக்கையைப் பெற்றார். பிறகு யாரும் அறியாமல் கள்ளவழி ஒன்றை அதனுள் வைத்தார். 2024 மார்ச்சு இறுதியில் ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டுபிடித்தார். எவ்வாறு? தம் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். மற்றவர் பொருட்படுத்தாமல் விட்டிருப்பர். அவர் ஏன் என்று கேட்டார். மூலநிரல் திறந்திருந்தமையால் அடிவரை சென்று காண முடிந்தது. உலகின் பெரும்பாலான கணினிகளுக்குள் அந்நிரல் பரவுமுன் தீங்கு தடுக்கப்பட்டது. கதவு திறந்திருப்பதால் மட்டும் வீடு தூய்மையாகிவிடாது. உள்ளே வந்து பார்ப்பவரும் வேண்டும் என்பது இதன் பாடம். பிராய்ண்ட் மைக்ரோசாப்ட்டின் ஊழியர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கட்சி கட்டி வழக்காடும் இளைஞர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

மூன்றாவது நிகழ்ச்சி 2024 சூலை 19-இல் நடந்தது. கணினிகளைக் காப்பதற்கென்றே உள்ள மென்பொருள் ஒன்றைக் கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் வழங்கிவருகிறது. அது அனுப்பிய புதுப்பிப்பு ஒன்றில் பிழை இருந்தது. மைக்ரோசாப்ட்டின் கணக்கின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. விமானங்கள் புறப்படவில்லை. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு நுழைவுச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். இங்கே பகைவர் எவரும் இல்லை. காவலரே தவறி விழுந்தார்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண்பாடு தோன்றும். திருத்தத்தை ஏற்காதவர் முதல் நிகழ்ச்சியில் கெட்டனர். ஏற்றவர் மூன்றாவதில் இடர்ப்பட்டனர். அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? மருந்தில் எப்போதோ ஒவ்வாமை நேரும் என்பதற்காக மருந்தையே விலக்குவார் உண்டோ? புதுப்பிப்பால் நின்ற கணினியை மீட்கலாம். களவு போன செய்தியை மீட்க இயலாது. ஆகவே திருத்தங்களைக் காலத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். பொறி நின்றாலும் உங்கள் உழைப்பு அழியாதவாறு படிகள் எடுத்து வையுங்கள்.

படியெடுத்தல் என்பது தமிழர்க்குப் புதிதன்று. பனையோலை சில நூறு ஆண்டுகளில் செல்லரிக்கும் என்பதை அறிந்த நம் முன்னோர், சுவடிகளை மீண்டும் மீண்டும் படியெடுத்து வெவ்வேறு ஊர்களில் காத்தனர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல இடத்துச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டே பதிப்பித்தார். ஒரே ஊரில் ஒரே சுவடியாக இருந்த நூல்கள், ஒரு தீயிலோ ஒரு வெள்ளத்திலோ மறைந்தொழிந்தன. உங்கள் கட்டுரையும் ஆய்வேடும் அவ்வாறே. கணினியில் ஒரு படி, அதனோடு இணைக்காமல் தனியே வைத்த பென்டிரைவிலோ வன்தட்டிலோ ஒரு படி, வேறோர் இடத்தில் ஒரு படி என மூன்று இருக்கட்டும். எப்போதும் கணினியில் செருகியே வைத்த படியைத் தீநிரல் அதனோடு சேர்த்தே பூட்டிவிடும்.

அடுத்து, கள்ளப் பிரதிகளைப் பற்றிக் கூற வேண்டும். எனக்குத் தெரிந்த வணிகர் ஒருவர் நேர்மையாளர். எடையில் ஒரு குண்டுமணியும் குறைக்காதவர். அவர் கடைக் கணினியில் மட்டும் பூட்டுடைத்த கணக்கு மென்பொருள் இருந்தது. யாரோ இலவசமாகப் போட்டுக் கொடுத்தது. ஒருநாள் காலையில் திறந்தபோது கோப்புகள் யாவும் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் அறிவிப்பொன்று திரையில் நின்றது. கடையின் பழைய கணக்குப்பிள்ளை, கணினியை நம்பாமல் நாளேட்டைக் கையாலும் எழுதி வந்ததால் கடன் பாக்கிகள் மட்டும் தப்பின. பூட்டை உடைத்துக் கொடுப்பவன், தன் சாவி ஒன்றை உள்ளே வைத்துவிட்டுப் போகமாட்டான் என்று எவ்வாறு நம்புவது? விலை கொடுக்க இயலாதவர் திருட வேண்டியதில்லை. எழுத்துப்பணிக்கும் கணக்கிடுவதற்கும் லிபர் ஆபீஸ், படம் திருத்துவதற்கு கிம்ப், இணையத்துக்கு பயர்பாக்ஸ் என நேர்வழியில் விலையின்றிக் கிடைப்பவை உள்ளன. அவற்றையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுங்கள்.

இப்போது பல வீடுகளை எதிர்நோக்கும் சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நிறைவுற்றது. இல்லப் பயனருக்கு, பதிவு செய்துகொண்டால், மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கோ குறிப்பிட்ட பாதுகாப்பு வசதியும் புதிய செயலியும் வேண்டும்; பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை. “என் கணினி நன்றாகத்தானே ஓடுகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். ஓடும். நாளையும் ஓடும். ஆனால் புதிதாகக் காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லாத வீடாக அது நாளடைவில் மாறும். அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது நன்றன்று. புதியது வாங்க வசதியுள்ளவர் வாங்கலாம். இயலாதவர் அதனைப் பழைய இரும்புக்குப் போடுமுன், லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஒத்துவந்தால், கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு நிறுவலாம். வீட்டில் கணினி என்று ஒன்றே உள்ள மாணவனுக்கு இவ்வழி பெருந்துணை என்பது என் துணிபு.

இறுதியாக, சாவிகளைப் பற்றிச் சில சொற்கள். பள்ளியில் எல்லா அறைச் சாவிகளையும் கோத்த கொத்து ஒன்று உண்டு. அதனை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு எந்த ஆசிரியரும் வகுப்புக்குப் போவதில்லை. கணினியிலும் அனைத்து அதிகாரமும் கொண்ட நிர்வாகிக் கணக்கு ஒன்று, அன்றாட வேலைக்கான எளிய கணக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறான நிரலொன்று நுழைந்தாலும் அதன் கைக்கு எல்லாச் சாவியும் கிடைக்காது. தொலைபேசியில் ஒளி காட்ட மட்டுமே உள்ள செயலி உங்கள் நண்பர்களின் எண்களைக் கேட்டால், விளக்குக்கு எதற்கு விலாசம் என்று நீங்களும் கேளுங்கள்.

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். நான்கைந்து தொடர்பற்ற சொற்களைக் கோத்தால் நினைவில் நிற்கும். பிறர் ஊகிப்பது அரிது. காரணமின்றி அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்று அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமே 2017-இல் அறிவுறுத்தியது. அடிக்கடி மாற்றச் சொன்னால், மக்கள் இறுதியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டி எளிதானதையே வைத்துக்கொள்கின்றனர். ஆனால் ஒரே சொல்லைப் பல இடங்களில் வைக்காதீர்கள். ஓரிடத்தில் திருடப்பட்டால் எல்லாக் கதவும் திறக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று நிகழும் களவுகளுள் பல, கணினியின் ஓட்டை வழியாக நிகழ்வன அல்ல; மனத்தின் அச்சம், ஆசை ஆகியவற்றின் வழியாக நிகழ்வன. “காவல்துறையிலிருந்து பேசுகிறோம், உங்களைக் காணொளி வழியே கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டுகின்றனர். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கின்றனர். எந்த வங்கியும் அதனைக் கேட்பதில்லை. ஏமாற்றப்பட்டவர் வெட்கி மறைக்காமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பணம் கைமாறுமுன் நிறுத்தப்படும் வாய்ப்பு உண்டு. வீட்டில் உள்ள தாத்தா பாட்டியரிடம் இதனை இன்றே எடுத்துச் சொல்லுங்கள். நாங்கள் உங்களுக்கு எழுத்தறிவித்தோம். இதனை நீங்கள் எங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

திருவள்ளுவர் அரண் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். உயரம், அகலம், உறுதி என்று கோட்டையின் சிறப்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், எத்துணைச் சிறந்த அரணாயினும் உள்ளிருப்போரிடம் செயல்திறம் இல்லையெனில் அது பயனற்றது என்னும் கருத்தை இறுதியில் வைத்தார். விண்டோஸாயினும் லினக்ஸாயினும் அவ்வுரை பொருந்தும். மாணவ மாணவியரே, உங்கள் கணினியில் இருப்பது எந்த இயங்குதளம், அதன் எந்தப் பதிப்பு, அதற்குத் திருத்தங்கள் எதுவரை வரும் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடையை இன்றிரவே தேடிக் குறித்து வையுங்கள். அரை நொடித் தாமதத்தைக் கண்டு ஏன் என்று கேட்ட அந்தப் பொறியாளரைப்போல், வழக்கத்துக்கு மாறானதைக் கண்டால் நீங்களும் ஏன் என்று கேளுங்கள். உங்களுள் ஒருவர் நாளை இக்கோட்டைகளைக் கட்டுபவராகவும் விளங்குக என வாழ்த்தி விடைபெறுகிறேன்.